நான்கு சுருள் அடுப்பில் பாடு பிரித்த கதை

1

போன சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு மின்சார அடுப்பு தீப்பிடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஊரில் இதைப் படிக்கிறவர்கள் உடனே என் நைனாவிடம் போய், "உன் பொண்ணு வெளிநாட்டுல எரிஞ்சிட்டாளாமே" என்று ஆரம்பித்துவிட வேண்டாம். பழவேற்காடு ஏரித்தீவான எங்கள் பசியாவரத்தில் கிளம்பும் ஒரு சேதி படகேறி அக்கரையில் இறங்குவதற்குள் எவ்வளவு வளரும் என்று எனக்குத் தெரியும். எரிந்தது நான்கு துண்டு மடவை மீனும் என்னுடைய தலைவி பதவியும்தான்.

நான் இருப்பது டொராண்டோவிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், டெரேசா என்பவருடைய வீட்டின் கீழ்த்தளத்தில். டெரேசா போர்ச்சுகல்காரர், கணவரை இழந்தவர், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். மாடியில் அவர் தனியாக. கீழே மூன்று அறைகளில் நாங்கள் மூன்று பெண்கள். குஜராத்தி கோகிலாபென் (பென் என்றால் அவர்கள் பேச்சில் சகோதரி) ரொட்டித் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறார். பிலிப்பைன்ஸ்காரி லோர்னா அலுவலகங்களைச் சுத்தம் செய்கிறாள். நான் முதியோர் இல்லத்தில் பெரியவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிடுகிறேன். மூவருக்கும் சமையலறை ஒன்று, அடுப்பு ஒன்று.

எங்கள் மூவரின் ஆங்கிலமும் மூன்று விதமாக நொண்டும். டெரேசாவினுடையது நான்காவது விதம். அதை அப்படியே எழுதினால் உங்களுக்கும் புரியாது, எனக்கும் எழுத வராது. அதனால் இந்தக் கதையில் எல்லோரும் எங்கள் ஏரிக்கரைப் பேச்சிலேயே பேசுவார்கள். என் காதில் அப்படித்தான் விழுகிறது.

அந்தக் கீழ்த்தளத்தில் நான்காவதாக ஒரு பின்னறை உண்டு. பெரிய ஜன்னல், தனிக் குளியலறை. டெரேசா அதில் பழைய சாமான்களைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். என் கண் நான்கு வருடமாக அந்தப் பூட்டின் மேலேயே இருந்தது. என் வீட்டுக்காரர் ரவி பழவேற்காட்டில் படகு இன்ஜின் பழுது பார்க்கிறார். மகள் தேன்மொழிக்குப் பன்னிரண்டு வயது. நான் விமானம் ஏறும்போது எட்டு. அவர்கள் இருவரும் வந்து சேர்ந்தால் தங்க ஓர் இடம் வேண்டும். என் இப்போதைய அறையில் கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது. என் சம்பளத்துக்கு வெளியே தனி வீடு என்பது நினைத்துப் பார்க்கிற காரியம் இல்லை. பின்னறை கிடைத்தால் என் குடும்பம் ஒரு கூரையின் கீழ் இருக்கும். கிடைக்காவிட்டால் வந்த பிறகும் இருக்காது.

2

அந்த அறைக்கும் அடுப்புக்கும் முடிச்சுப் போட்டவர் டெரேசா. அதற்கு முன் அடுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இடுப்புயர வெள்ளைப் பெட்டி. தலையில் நான்கு கம்பிச் சுருள்கள், வயிற்றில் ஓவன், காலடியில் ஓர் இழுப்பறை. தீ என்பதே கிடையாது. திருகில் எண்கள் இருக்கும். எண்ணைத் திருப்பிவிட்டு, சுருள் சிவக்கும் வரை கடவுளை நம்பி நிற்க வேண்டும். ஊரில் கேஸை அணைத்தால் அந்த நொடியே குழம்பு அடங்கும். இங்கே அணைத்த பிறகும் பத்து நிமிடம் கொதித்துக்கொண்டிருக்கும். சிவப்பு போய்க் கறுத்துவிட்டதே என்று தொட்டால் விரலின் தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

பொன்னேரி சந்தையில் வாங்கி, மூன்று புடவை சுற்றி, மடியில் வைத்து நான் கொண்டுவந்த மண்சட்டி முதல் வாரமே இதன் மேல் இரண்டாகப் பிளந்தது. சுருள் சட்டியின் அடியை அங்கங்கே மட்டும் தொட்டுச் சுடும், மண் அதைத் தாங்காது என்று கோகிலாபென் பிறகு விளக்கினார். அவர் அடுப்போடு வந்த கையேட்டை முழுவதும் படித்தவர். பிரெஞ்சில் இருந்த பாதியையும் புரட்டிப் படம் பார்த்தவர். நானும் அதைத் திறந்து பார்த்தேன். முதல் பக்கத்திலேயே மரணம் என்ற சொல் மூன்று தடவை வந்தது. பாத்திரத்தின் கைப்பிடியை உள்பக்கமாகத் திருப்பி வை, தொளதொளத்த சட்டை போடாதே, எண்ணெய் காயும்போது இடத்தைவிட்டு நகராதே, எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே என்று பள்ளிக்கூட வாத்தியாரின் குரலில் எழுதியிருந்தது. ஏழு வயதிலிருந்து அடுப்பு ஊதுகிறவளுக்கா இந்தப் பாடம் என்று எனக்குக் கோபம். ஆடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜின் காலுக்கு அடியில் அந்தக் கையேட்டை மடித்து வைத்துவிட்டேன். ஃபிரிட்ஜ் ஆடுவது நின்றது.

முதல் அசம்பாவிதம் என்னுடையது. சுருளுக்கு அடியில் சிந்துவதைப் பிடிக்க ஒரு தட்டு இருக்கும். அதைக் கழுவ அலுப்புப்பட்டு, ஊரில் கேஸ் அடுப்புக்குச் செய்வதுபோல அலுமினியத் தாளை விரித்தேன். மீன் எண்ணெய் அதில் குட்டையாகத் தேங்கி, ஒரு நாள் புகைந்தது. கூரையிலிருந்த புகைமணி அலறியது. இரண்டாவது கோகிலாபென். சுருள் ஆறிவிட்டது என்று நினைத்து அதன் மேல் பிளாஸ்டிக் டப்பாவை வைத்தார். டப்பா உருகி, மாடியில் டெரேசா இருமும் அளவுக்கு நாற்றம். மறுபடியும் மணி.

இதற்கு நடுவே யார் எந்தச் சுருளில் சமைப்பது என்று தினசரிச் சண்டை. முன்னால் வலதுபக்கப் பெரிய சுருள்தான் ஒழுங்காகச் சுடும். பின்னால் இடதுபக்கத்துச் சின்னச் சுருளில் தண்ணீர் வைத்தால் வேலைக்குப் போய்த் திரும்பி வரலாம். பெரிய சுருளுக்காக லோர்னா அதிகாலையிலேயே வெறும் சட்டியை அதில் வைத்து இடம் பிடித்துவிடுவாள். அசம்பாவிதம் நடந்தால், அந்தப் பக்கமே போகவில்லை என்று மூவரும் சத்தியம் செய்வோம்.

இரண்டாவது மணிக்குப் பிறகு டெரேசா பேருந்துச் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டே கீழே வந்தார்.

"தோ பாருங்க. இன்னொரு தபா மணி அடிச்சிது, இந்த அடுப்பக் கழட்டி ரோட்ல வெச்சிடுவேன். மூணு பேரும் ரொட்டியும் வெண்ணெயும் துன்னுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "வசந்தா, நீ பின்ரூம் கேட்டுகினே கீறல்ல? உன் ஆளுங்க வர்ற வரிக்கும் மணி அடிக்காம இருந்தா ரூம் உனுக்கு. அடிச்சா கெடையாது. ஒரு அடுப்பப் பாத்துக்கத் தெரியாதவங்கள நம்பி ஒரு கொழந்தைய எப்பிடி இந்த வீட்ல வெக்கிறது?"

கடைசியாகச் சொன்னதுதான் குத்தியது.

3

அப்போதுதான் எனக்கு எங்கள் ஏரி கைகொடுத்தது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பழவேற்காடு ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் கிடைக்காது. கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் நல்ல மேனி, வலை நிறைய வரும். உள்ளே சேற்றில் வலை போட்டால் வலை கழுவுகிற வேலைதான் மிச்சம். எல்லோரும் நல்ல இடத்துக்கே ஓடினால் வெட்டுக்குத்துதான். அதனால் இந்த நாள் இந்த இடம் இன்னாருக்கு என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். இன்று முகத்துவாரத்தில் வலை போட்டவன் நாளை அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். அவனவன் பாட்டில் அடுத்தவன் கை வைக்கக் கூடாது. மீறினால் ஊர் கூடி அபராதம் போடும்.

பாடு கல்யாணமான ஆண்களுக்கு மட்டும்தான். என் நைனாவுக்கு இருந்தது, அண்ணனுக்கு இருக்கிறது. வலைக்கு நூல் கோத்து, மீனைப் பொறுக்கி, கூடை சுமந்து பொன்னேரிக்கு ஷேர் ஆட்டோவில் போய் விற்றுவந்த என் அம்மாவுக்கு இல்லை. கல்லூரியில் படித்தபோது ஒரு முறை, பொம்பளைகளுக்கு ஏன் பாடு இல்லை என்று நைனாவிடம் கேட்டேன்.

"உனுக்கு இன்னாத்துக்குப் பாடு? நீ தண்ணில குதிச்சா மீன்லாம் பயந்து ஆந்திராவுக்கு ஓடிப்பூடும்" என்றார்.

இங்கே என்னைத் தடுக்க எந்தப் பஞ்சாயத்தும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோகிலாபென்னையும் லோர்னாவையும் உட்காரவைத்து ஏரியை வரைந்து காட்டினேன். பிறகு அடுப்பை வரைந்தேன். முன் வலது பெரிய சுருளுக்கு முகத்துவாரம் என்று பெயர் வைத்தேன். முன் இடது நடு ஏரி. ஓவனின் சூடு வெளியே வரும் பின் வலது, கரையோரம். வேலைக்கு ஆகாத பின் இடது, சேறு. சேறு பொது, மற்ற மூன்றிலும் ஒவ்வொருவரும் தினம் ஓர் இடம் நகர்ந்துகொண்டே போக வேண்டும். அன்றைக்குச் சுருள் யாருடையதோ அவர்தான் அதன் திருகுக்கும், அடித்தட்டுக்கும், சிந்தியதற்கும், புகைந்ததற்கும் பொறுப்பு. சமைத்து முடித்துச் சுருள் ஆறிய பிறகு தட்டைக் கழுவித் துடைத்துக் காட்டினால்தான் அடுத்தவருக்குக் கைமாறும். அடுத்தவர் பாட்டில் கை வைத்தால், வைத்தவருக்கு ஒரு நாள் முகத்துவாரம் போச்சு.

"தலைவர் யாரு?" என்றாள் லோர்னா.

"ஏரி யாருது?" என்றேன் நான்.

அட்டவணை ஃபிரிட்ஜில் ஏறியது. பெயர்களைப் பெரிய எழுத்தில் நானே எழுதினேன்.

4

சொன்னால் நம்பமாட்டீர்கள், முறை வேலை செய்தது. சண்டை நின்றது. மூவரும் போட்டி போட்டுக்கொண்டு தட்டுகளைத் தேய்த்தோம். லோர்னா ஓவன் கதவின் இடுக்கில் பல் துலக்கும் பிரஷை விட்டுக் கறை எடுத்தாள். கோகிலாபென் புகை உறிஞ்சியின் சல்லடையைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டார். அதில் வடிந்த எண்ணெயைப் பார்த்து நாங்களே கண்ணை மூடிக்கொண்டோம். இரண்டரை மாதம் மணி அடிக்கவில்லை. டெரேசா ஒரு நாள் கீழே வந்து, சுருளைத் தூக்கி அடியில் பார்த்து, "இந்தத் தட்டு வெள்ளி கலருன்னு எனுக்கு இன்னிக்கித்தான் தெரியிது" என்றார். அட்டவணையைப் பற்றியும் விசாரித்தார். பாடு என்ற சொல் அவருக்குப் பிடித்துப்போனது. மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம், "இன்னிக்கி யாரு பாடு?" என்று கேட்டுக்கொண்டே வருவார்.

எனக்குத் தலையில் கனம் ஏறியது. முதியோர் இல்லத்தில் எட்டு மணி நேரம் எல்லோரும் என்னை ஏவுவார்கள். வீட்டுக்கு வந்தால் நான் தலைவி. லோர்னா இரண்டு நிமிடம் தாமதமாகத் தட்டைக் கழுவினால் ஃபிரிட்ஜில் கறுப்புப் புள்ளி வைப்பேன். ஒரு நாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது என் நண்டுக் குழம்பு பொங்கிவர, கோகிலாபென் திருகைச் சற்றுக் குறைத்துவிட்டார். வெளியே வந்து நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே.

"யாரு பாட்ல யாரு கை வெச்சது?" என்றேன்.

"பொங்குச்சி வசந்தாபென். அதான் கொறச்சேன்."

"பொங்கட்டும். என் பாடு, என் கொழம்பு. நீ என்னக் கூப்புடணும். கை வெக்கக் கூடாது."

ஒரு நாள் முகத்துவாரத்தைப் பிடுங்கிவிட்டேன். அன்றைக்கு அவருக்கு ஏதோ விரதம். விரதப் பலகாரத்தைச் சேற்றில் வைத்து, அது வேகும் வரை ஒரு மணி நேரம் நின்றுகொண்டே இருந்தார். மீன் வாடையே ஆகாதவர், முட்டையைக்கூடத் தொடாதவர், எங்கள் இருவரின் மீனையும் வருடக்கணக்காகப் பொறுத்துக்கொண்டு தன் பாத்திரங்களைத் தனி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறவர். அவர் நின்ற அந்த ஒரு மணி நேரத்தை இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கப்படவில்லை.

ஊரிலிருந்து விசாவுக்கான காகிதங்கள் ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தன. விசா அலுவலகத்தில் கல்யாணப் புகைப்படங்கள் கேட்டார்கள், அனுப்பினோம். எதிலும் நீங்கள் இருவரும் சிரிக்கவில்லையே, வேறு படங்கள் உண்டா என்று கேட்டார்கள். உண்மையான புருஷன் பெண்டாட்டி என்பதால்தான் சிரிக்கவில்லை என்று எழுதலாமா என்று ரவியிடம் கேட்டேன்.

"கம்னு கெட. இருக்கறதையும் கெடுத்துடாத" என்றார் ரவி. பிறகு இன்ஜின் கடையில் பசங்களோடு சிரித்துக்கொண்டிருக்கும் படம் ஒன்றை அனுப்பினார். அதில் நான் இல்லை.

தேன்மொழியோடு தினமும் பேசுவேன். பேசுவேன் என்றால் நான் பேசுவேன். அவள் போனைப் பாயில் மல்லாக்க வைத்துவிட்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். எனக்குத் தெரிவது கூரையும் மின்விசிறியும். "சாப்ட்டியா?" என்றால் "உம்". "பள்ளிக்கூடம்?" என்றால் "உம்". ஒரு நாள் நான் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, "அப்பிடிச் சொல்லக் கூடாதும்மா" என்று திருத்தினாள். அவளுக்குக் காய்ச்சல் வந்து போன விஷயமே ரவியின் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ அங்கேர்ந்து இன்னா பண்ணப் போற?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

5

இனி சனிக்கிழமை.

எனக்கு மதியத்துக்கு மேல் வேலை. காலை ஒன்பது மணிக்கே சமைத்துவிடலாம் என்று இறங்கினேன். முகத்துவாரம் என் பாடு. இரும்புச் சட்டியில் எண்ணெய் ஊற்றி, திருகை ஒன்பதில் வைத்து, மிளகாய்த்தூள் தடவிய மடவைத் துண்டுகள் நான்கைப் போட்டேன். நடு ஏரியில் கோகிலாபென் ரொட்டி போட மாவு பிசைந்துகொண்டிருந்தார். லோர்னா தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

அறையிலிருந்த போன் அடித்தது. ரவி.

"வசந்தா! வந்துடுச்சிமே! ரெண்டு பாஸ்போர்ட்லயும் விசா குத்திக் குட்த்துட்டாங்க!"

நான் கத்திய கத்தல் பசியாவரத்துக்குப் போன் இல்லாமலே கேட்டிருக்கும். கட்டிலில் ஏறிக் குதித்தேன். ரவி பாஸ்போர்ட்டைக் கேமராவில் காட்ட, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பச் சொல்லி முத்தம் கொடுத்தேன். டிக்கெட் எந்தத் தேதி, சுவெட்டர் எத்தனை, கருவாடு கொண்டுவரலாமா கூடாதா என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. அடுப்பில் சட்டி இருப்பது எனக்கு ஞாபகமே இல்லை.

சமையலறையில் நடந்ததை லோர்னா பிறகு சொன்னாள். முதலில் சட்டியிலிருந்து நீலமாகப் புகை வந்ததாம். கோகிலாபென் பார்த்தார், லோர்னாவும் பார்த்தாள். திருகு கோகிலாபென்னின் முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரம்தான். ஒருவரும் தொடவில்லை.

"வசந்தாபென்! உன் பாடு!" என்று கோகிலாபென் கூப்பிட்டிருக்கிறார். நான் கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தேன்.

"வசந்தா! உன் பாடு பொகையிது!" என்று லோர்னாவும் கூப்பிட்டிருக்கிறாள். நான் பாஸ்போர்ட்டுக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்படி ஒரு அடுப்பைச் சுற்றி இரண்டு பெரிய மனுஷிகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமென்றால் அது நான் போட்ட சட்டத்தால்தான் முடியும். எங்கள் ஏரியின் பாட்டில் இன்னொரு விதியும் இருக்கிறது. காற்று மாறி ஒரு படகு தத்தளித்தால் அந்த நேரம் பாடு கிடையாது. யார் இடம், எந்த ஊர் என்று பார்க்காமல் பக்கத்தில் இருப்பவன் வலையை விட்டுவிட்டுப் போய்த் தூக்க வேண்டும். நைனாவும் அப்படி இரண்டு முறை தன் முகத்துவார நாளைத் தொலைத்திருக்கிறார். இதை நான் இவர்களுக்குச் சொல்லவே இல்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். 'என் பாடு, கை வைக்காதே' என்ற பகுதி எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

எண்ணெய் பற்றிக்கொண்டது. சட்டிக்கு மேல் ஒரு முழ உயரத்துக்குத் தீ. புகைமணி அலற ஆரம்பித்தது. லோர்னா பயந்துபோய்க் குவளை நிறையத் தண்ணீரை மொண்டுகொண்டு ஓடினாள். கையேடு படித்த கோகிலாபென், "தண்ணி ஊத்தாத!" என்று அவள் கையைத் தட்டிவிட்டு, சட்டென்று தன் அலமாரியைத் திறந்தார். தன் ரொட்டிக் கல்லுக்கு வைத்திருக்கும் பெரிய எவர்சில்வர் மூடியை எடுத்து என் மீன்சட்டியின் மேல் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடினார். திருகைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார்.

நான் போனைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தபோது தீ இல்லை. புகையும், மணியும், மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும் கோகிலாபென்னும்தான். அவர் கையெல்லாம் ரொட்டி மாவு.

6

டெரேசா துடைப்பத்தோடு இறங்கி வந்தார். துடைப்பக் கட்டையால் மணியின் பொத்தானைக் குத்தினார். மணி நின்றது. லோர்னா ஜன்னலைத் திறந்தாள். சுவரில் ஒரு கறுப்பு நாக்கு, கூரை வரை.

"யாரு பாடு?" என்றார் டெரேசா.

நான் வாயைத் திறக்கவில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன். கையில் போன் இருந்தது, அதில் ரவி, "இன்னா ஆச்சி? இன்னா சத்தம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். விசா வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பின்னறை போய்விட்டது என்பது மட்டும் மனதில் ஓடியது.

"என் பாடு" என்றார் கோகிலாபென். சொல்லிக்கொண்டே இரண்டடி நகர்ந்து, ஃபிரிட்ஜில் பெரிய எழுத்தில் என் பெயர் எழுதியிருந்த அட்டவணையை முதுகால் மறைத்தார்.

"உன்னுதா? இன்னா செஞ்சிகினு இருந்த?"

"உருளக்கெழங்கு வறுத்தேன்."

டெரேசா மூடியை எடுக்கப் போனார். "எடுக்கக் கூடாது! காத்து பட்டா திரும்பப் பத்திக்கும். நல்லா ஆறட்டும்" என்றார் கோகிலாபென். பொய் சொல்லும்போதும் கையேட்டை மீறமாட்டார்.

டெரேசா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டி ஆறும் வரை நால்வரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு நீளமான நேரத்தை நான் விசா அலுவலக வரிசையில்கூட அனுபவித்ததில்லை. கடைசியில் டெரேசா எழுந்து துணியைப் பிடித்து மூடியைத் தூக்கினார். உள்ளே கரியாக நான்கு துண்டுகள். அவர் கரண்டியால் ஒன்றைப் புரட்டினார்.

"உருளக்கெழங்குல முள்ளு கீது."

கோகிலாபென் உடனே மாற்றினார். "மீனுதான்."

"நீ மீன் துன்னுவியா?"

"துன்னுவேன்."

"ஆமா, ஒரு மாசமா துன்றா" என்று லோர்னா சேர்ந்துகொண்டாள். "ரொம்ப ஆசையா துன்றா."

டெரேசா கோகிலாபென்னையே பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமலோ என்னவோ, கோகிலாபென் சட்டிக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்தார். பிறந்ததிலிருந்து தொடாத ஒன்றை விரலில் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஏய்! வெய்யி அத்த! அது என் பாடு!" என்று நான் கத்தினேன். ஓடிப்போய் அவர் கையிலிருந்து அந்தக் கரியைப் பிடுங்கினேன். அழுகை வந்துவிட்டது. "என் பாடுதான் டெரேசா. என் மீனு, என் எண்ணெ. போன் வந்துச்சின்னு உட்டுட்டுப் பூட்டேன். இவங்க கூப்ட்டாங்க, எனுக்குக் காதுல உழல. யாரும் கை வெக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டதும் நான்தான். பின்ரூம் வேணாம். இவங்கள ஒண்ணும் சொல்லாத."

"தெரியும்" என்றார் டெரேசா. "ஆறு வருசமா இந்தப் பொண்ணு என் வீட்ல ஒரு முட்டகூட ஒடச்சதில்ல." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, சுவரிலிருந்த கறுப்பை விரலால் தேய்த்துப் பார்த்தார். "இதுக்கு நீ வெள்ளையடிக்கணும். அந்தச் சட்டத்தக் கிழிச்சிப் போட்டுட்டு வேற எழுதணும். நெருப்புன்னா யாரு வேணா கை வெக்கலாம்னு மொத வரி."

"எழுதுறேன்."

"ஒரு கொழந்தைய இங்க நம்பி வெக்கலாமான்னு நான் கேட்டேன். தன் மூடிய எட்த்து அடுத்தவ மீனு மேல கவுக்கறவ இருக்கற வீட்ல வெக்கலாம்" என்றார் டெரேசா. கோகிலாபென் முகத்தை மாவுக் கையாலேயே துடைத்துக்கொண்டார். "பின்ரூம்ல ஒரு கட்டில் கீது, சின்னப் பசங்க கட்டில். ஆளு நீட்டுன்னா பத்தாது, வேற பாக்கணும். உன் பொண்ணு எத்தினி ஒசரம்?"

நான் கையை நீட்டி, என் இடுப்புக்குச் சற்று மேலே காட்டினேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"இல்லம்மா" என்றது என் மறுகையிலிருந்த போன். தேன்மொழி. எப்போது அப்பாவிடமிருந்து வாங்கினாளோ, எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியாது. "அதுக்கு மேல."

கையை நெஞ்சு வரை உயர்த்தினேன்.

"இன்னும் மேல."

தோள் வரை கொண்டுபோனேன். டெரேசாவும் லோர்னாவும் கோகிலாபென்னும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம்மா" என்றாள் என் மகள்.